வழிப்போக்கருக்கு ஓர் அறை

பொதுக்காலம் 13ஆம் ஞாயிறு, முதல் ஆண்டு
2 அரசர்கள் 4:8-11, 14-16, உரோமையர் 6:3-4, 8-11, மத்தேயு 10:37-42



ஒரு கட்டில், ஒரு மேசை, ஒரு நாற்காலி, ஒரு விளக்கு. சூனேம் ஊர்ப் பெண் இறைவாக்கினர் எலிசாவுக்காக மாடியில் கட்டிவைத்த அறையில் இவ்வளவுதான் இருந்ததாக முதல் வாசகத்தில் கேட்டோம். விவிலியம் பொதுவாக வீட்டுச் சாமான்களுக்குக் கணக்கு எழுதுவதில்லை. ஆண்டவர் பிறந்த இடத்தைச் சொல்லும்போதுகூட ஒரு தீவனத்தொட்டியோடு நிறுத்திக்கொள்கிறது. இந்த அறைக்கு மட்டும் பட்டியல் தருகிறது. அந்தப் பெண் அத்தனை யோசித்திருக்கிறாள். நடந்து வருகிறவருக்குப் படுக்க இடம் வேண்டும், உட்கார்ந்து சாப்பிட மேசை வேண்டும், இரவில் எழுந்தால் கால் தடுக்காமல் இருக்க வெளிச்சம் வேண்டும். கணவரிடம் பேசி, கொத்தனாரை வைத்துச் சுவர் எழுப்பி, வருகிறவர் கேட்பதற்கு முன்பே எல்லாவற்றையும் தயாராக வைத்துவிட்டாள்.

ஊட்டிக்காரர்களுக்கு அறை என்றால் என்னவென்று சொல்லித்தர வேண்டியதில்லை. நம் பங்கில் லாட்ஜிலோ காட்டேஜிலோ ஹோம்ஸ்டேயிலோ ஒருவராவது வேலை செய்யாத வீடு குறைவு. 2025ஆம் ஆண்டு சீசனில் வார நாளுக்கு 6,000 வண்டி, சனி ஞாயிறுக்கு 8,000 வண்டி என்று உயர் நீதிமன்றமே அளவு போட வேண்டிவந்தது. அத்தனை பேர் ஏறி வருகிறார்கள். சீசன் முடிந்து இப்போதுதான் மழை பிடித்திருக்கிறது. இரண்டு மாதமாக மெத்தை விரிப்பு துவைத்துக் காயவைத்துக் கை ஓய்ந்திருப்பீர்கள். ஃபாதர் இன்றைக்கும் விருந்தாளிகளைப் பற்றித்தானா பேச வேண்டும் என்று சிலர் முகத்தில் தெரிகிறது. கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள்.

சில மாதங்களுக்கு முன் கோத்தகிரிப் பக்கம் ஒரு ஹாஸ்டலில் தங்கினேன். பெயர் சொல்லமாட்டேன், பீடத்திலிருந்து விளம்பரம் செய்ததாகிவிடும். மாணவர் விடுதி இல்லை, முதுகுப் பையோடு ஊர் சுற்றும் பிள்ளைகள் தங்கும் இடம். துரைமார் காலத்து எஸ்டேட் பங்களா அது. பாதி இடிந்து கிடந்ததை வாங்கி, பழைய மாதிரியே சீர்செய்து, பெரிய அறைகளில் அடுக்குக் கட்டில் போட்டிருக்கிறார்கள். ஒருகாலத்தில் ஒரே ஒரு துரை படுத்த அறையில் இப்போது எட்டுப் பேர் படுக்கிறார்கள். என் மேல் கட்டிலில் படுத்திருந்த பிள்ளை ஒடிசாவிலிருந்து வந்தவர். எனக்குப் புரண்டு படுக்கும் பழக்கம் உண்டு. காலையில் அவர்தான் என்னிடம் மன்னிப்புக் கேட்டார், தன்னால் எனக்குத் தூக்கம் கெட்டதோ என்று!

அந்த வீட்டைச் சீர்செய்த கொத்தனார் ஒருவர் வெளிச்சுவரில் மிச்ச வேலை பார்த்துக்கொண்டிருந்தார். காரைக்குடிப் பக்கத்துக்காரர். பழைய வீடு எப்படிக் கெட்டுப்போகிறது என்று அவர் சொன்னதைக் கேளுங்கள். அந்தக் காலத்துச் சுவர் கல்லும் மண்ணும் சுண்ணாம்புச் சாந்தும் சேர்ந்து, ஒன்றரை அடி, இரண்டு அடிக் கனத்தில் நிற்கும். மழையில் நனைந்தாலும் சுண்ணாம்பு அந்த ஈரத்தை வெளியே விட்டுவிடும். பிற்பாடு வந்தவர்கள் அங்கங்கே பெயர்ந்ததைப் பார்த்து மேலே சிமெண்டைப் பூசினார்கள். பார்க்கப் புதுசாகிவிட்டது. ஆனால் சிமெண்ட் ஈரத்தை வெளியே விடாது. அது சுவருக்குள்ளேயே தங்கி, ஓதம் ஏறி, வண்ணம் உரிந்து, உத்தரத்தின் முனை வரைக்கும் உளுத்துப்போகும். ஆகவே அவர் முதலில் செய்த வேலை பூசுவது அல்ல, சிமெண்டைக் கொத்தி எடுப்பது. பிறகு சுண்ணாம்பை நீற்றி ஊறப்போட்டு, கடுக்காயும் வெல்லமும் ஊறிய தண்ணீரில் குழைத்து, ஒரு பூச்சு காய்ந்த பிறகே அடுத்த பூச்சு. அவசரப்பட்டால் வெடித்துவிடும். மழைக்காலத்தில் தொடவே கூடாது என்றார்.

இரண்டாம் வாசகத்தில் திருத்தூதர் பவுல் திருமுழுக்கைப் பற்றிச் சொல்வதை இந்தக் கொத்தனார் பேச்சோடு வைத்துப் பார்த்தேன். பழைய மனிதன் சாக வேண்டும், புது வாழ்வில் நடக்க வேண்டும் என்கிறார் பவுல். நாமோ பழைய மனிதன்மேல் ஒரு கோட்டிங் சிமெண்ட் போட்டுக்கொண்டு ஞாயிற்றுக்கிழமை கோவிலுக்கு வந்துவிடுகிறோம். உள்ளே பழைய பகை, பழைய சாதிக் கணக்கு, யாரை வீட்டுக்குள் விடலாம் யாரை வாசலோடு நிறுத்தலாம் என்ற பழைய பட்டியல். எல்லாம் வெளியே போக வழியில்லாமல் ஊறிக்கொண்டிருக்கும். பவுல் சொல்வது கொத்தி எடுக்கிற வேலை. அது வலிக்கும், தூசி பறக்கும், வீடு சில நாள் பார்க்க அசிங்கமாகவும் இருக்கும்.

அந்த ஹாஸ்டலில் ஒரு விதி எழுதி மாட்டியிருந்தது. உள்ளூர் முகவரி உள்ள அடையாள அட்டைக்கு அறை கிடையாது. இது அந்த ஒரு இடத்தின் வழக்கம் இல்லை, நாட்டில் பல ஹாஸ்டல்களில் இப்படித்தான். கேட்டால் காரணம் சொல்வார்கள்: உள்ளூர்ப் பையன்கள் குடிக்க அறை எடுக்கிறார்கள், சண்டை வருகிறது, மற்ற விருந்தாளிகள் பயப்படுகிறார்கள். பொய்யான காரணம் என்று சொல்லமாட்டேன். நம்மூர்ப் பையன்களை எனக்கும் தெரியும். ஆனாலும் மனம் ஒப்பவில்லை. இரவு வேலை பார்க்கும் தம்பி நம் மறைமாவட்டத்துப் பிள்ளை. அவனுடைய பாட்டி அதே பங்களாவில் ஆயாவாக இருந்தவர். துரைசானியின் குழந்தையைத் தூக்கித் தூங்கவைத்துவிட்டு, இருட்டில் இறங்கித் தோட்டத் தொழிலாளர் லைன் வீட்டுக்குப் போய்ப் படுப்பாராம். அந்த வீட்டில் அவர் ஒரு ராத்திரியும் படுத்ததில்லை. இன்று பேரனுக்கு அங்கே சம்பளம் உண்டு, சாப்பாடு உண்டு, நல்ல மரியாதையும் உண்டு. காசு கொடுத்து ஒரு கட்டில் கேட்டால் மட்டும் அவன் ஆதார் அட்டையில் நீலகிரி என்று இருக்கிறது. அந்த வீட்டின் சுவரைச் சீர்செய்தவர்கள் அருமையாகச் செய்திருக்கிறார்கள். வாசலை இன்னும் சீர்செய்யவில்லை.

இந்த மலையில் பழைய வீடுகளுக்குக் குறைவில்லை. கோயம்புத்தூர் கலெக்டர் ஜான் சல்லிவன் 1819இல் மேலே ஏறி வந்து கோத்தகிரிக்கு அருகே முதல் பங்களாவைக் கட்டினார். இடிந்து கிடந்த அதைச் சீர்செய்து இப்போது நினைவகமாக வைத்திருக்கிறார்கள். 1822இல் உதகையில் அவர் கட்டத் தொடங்கிய கல் பங்களா இன்று அரசு கலைக் கல்லூரியோடு இருக்கிறது. புனித ஸ்டீபன் ஆலயத்து உத்தரங்கள் சீரங்கப்பட்டணத்தில் திப்புவின் அரண்மனையிலிருந்து கொண்டுவரப்பட்டவை. வழிகாட்டிகள் இதையெல்லாம் நன்றாகவே சொல்கிறார்கள். கல்லைச் சுமந்தவர் யார், சுண்ணாம்பு அரைத்தவர் யார், அந்த உத்தரங்களை மலையேற்றியவர் யார் என்று கேட்டால் பெயர் கிடைக்காது. கட்டியவர் பெயர் என்று நாம் சொல்வதெல்லாம் கட்டச் சொன்னவர் பெயர்தான்.

நம் திருச்சபையும் இந்த மலைக்கு வீட்டோடு வரவில்லை. சல்லிவனுக்கு இருநூறு ஆண்டுக்கு முன்பே, 1603இல், இயேசு சபைக் குரு ஜாக்கோமோ ஃபெனிச்சியோ மலையாளக் கரையிலிருந்து மன்னார்க்காடு வழியாக ஏறி வந்தார். இந்த மலையில் பழைய கிறிஸ்தவர்கள் இருக்கிறார்கள் என்று யாரோ சொல்லியிருந்தார்கள். அவர்களைத் தேடி வந்தார். அப்படி யாரும் இல்லை. படகர்களையும் தோடர்களையும் கண்டார், அவர்களோடு பேசினார், கண்ணாடியும் நூலும் பரிசாகக் கொடுத்தார், கீழே இறங்கிப் போய்க் கடிதம் எழுதினார். நீலகிரியைப் பற்றி ஓர் ஐரோப்பியர் எழுதியதில் நமக்குக் கிடைத்த முதல் விவரம் அதுதான். அவருக்குப் பங்களா இல்லை, பாதை இல்லை, மொழி இல்லை. அவர் என்ன நம்புகிறவர் என்று தெரியாமலேயே அவரை ஊருக்குள் விட்டவர்கள் இங்கே இருந்தார்கள். இன்றைக்கும் எந்தப் படகர் ஹட்டிக்குப் போனாலும் ஒரு வாய் சாப்பிடாமல் விடமாட்டார்கள் அல்லவா? உங்களை ஏற்றுக்கொள்கிறவர் என்னையே ஏற்றுக்கொள்கிறார் என்ற பொருளில் ஆண்டவர் இன்று நற்செய்தியில் பேசுகிறார். அதைக் கேட்டதும் நாம் உடனே விருந்து வைக்கிறவர் இடத்தில் நம்மை உட்காரவைத்துக்கொள்கிறோம். இந்த மலையில் திருச்சபை முதலில் உட்கார்ந்தது விருந்தாளியின் இடத்தில்.

இனி சூனேம் பெண்ணிடம் திரும்புவோம். இன்றைய வாசகத்தில் 11க்கும் 14க்கும் நடுவே இரண்டு வசனங்களை விட்டுவிட்டு வாசிக்கிறோம். விட்ட இடத்தில் நல்ல செய்தி இருக்கிறது. உனக்காக அரசரிடமோ படைத்தலைவரிடமோ சொல்லட்டுமா என்று எலிசா கேட்கிறார். இப்போதைய மொழியில் சொன்னால், சிபாரிசு வேண்டுமா என்கிறார். அவள் வேண்டாம் என்கிறாள். என் மக்கள் நடுவில் நான் நன்றாகத்தான் இருக்கிறேன் என்ற பொருளில் ஒரு பதில். அறை கட்டிக் கொடுத்ததற்கு அவள் எந்தக் கைம்மாறும் எதிர்பார்க்கவில்லை. எலிசா பிறகு வாக்களித்த பிள்ளை வரம்கூட அவள் கேட்டு வாங்கியதில்லை.

ஆனால் அவள் கதை இதோடு முடியவில்லை. வீட்டுக்குப் போய் 2 அரசர்கள் 8ஆம் அதிகாரத்தை எடுத்துப் படியுங்கள். பஞ்சம் வருகிறது. எலிசாவின் சொல்லைக் கேட்டு அவள் குடும்பத்தோடு பெலிஸ்தியர் நாட்டுக்குப் போகிறாள். ஏழு ஆண்டு அங்கே அந்நியளாய் இருக்கிறாள். திரும்பி வரும்போது வீடும் இல்லை, நிலமும் இல்லை. அரசனிடம் மனுக் கொடுக்க நிற்கிறாள். அடுத்தவருக்கு அறை கட்டிக் கொடுத்தவள், என் மக்கள் நடுவில் இருக்கிறேன் என்று தலைநிமிர்ந்து சொன்னவள், அதே மக்கள் நடுவில் வீட்டுக்காக வரிசையில் நிற்கிறாள்! அவள் வந்து நிற்கிற நேரத்தில் எலிசாவின் பணியாளர் கேகசி அரசனிடம் அவளைப் பற்றித்தான் பேசிக்கொண்டிருக்கிறார். இவள்தான் அந்தப் பெண் என்று அடையாளம் சொல்கிறார். அரசன் ஓர் அலுவலரை நியமித்து, வீட்டையும் நிலத்தையும் மட்டுமல்ல, அவள் இல்லாத காலத்தின் விளைச்சலையும் சேர்த்துத் திருப்பிக் கொடுக்கச் சொல்கிறான்.

இந்தக் கோவிலில் பின் வரிசையில் உட்கார்ந்திருக்கும் பெரியவர்களில் சிலருக்கு இந்தக் கதை என்னைவிட நன்றாகத் தெரியும். 1964 அக்டோபரில் இலங்கைப் பிரதமர் சிறிமாவோவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் ஓர் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டார்கள். இலங்கைத் தோட்டங்களில் தலைமுறை தலைமுறையாய்க் கொழுந்து பறித்தவர்களில் 5,25,000 பேர் இந்தியாவுக்கு என்று காகிதத்தில் பிரித்தார்கள். தலைமன்னாரில் கப்பலேறி, இராமேஸ்வரத்தில் இறங்கி, மண்டபம் முகாமில் காத்திருந்து இந்த மலைக்கு வந்தீர்கள். உங்களுக்கு வேலை கொடுக்கவென்றே அரசு 1968இல் தேயிலைத் தோட்டத் திட்டத்தைத் தொடங்கியது. அதுதான் பிறகு டேன்டீ ஆனது. தாயகம் திரும்பியோர் என்று அரசு உங்களுக்குப் பெயர் வைத்தது. உள்ளூரில் சிலோன்காரர் என்றார்கள். அந்தப் பேச்சில் இருந்த ஏளனத்துக்கு நம் கிறிஸ்தவர்களும் விலக்கில்லை.

டேன்டீயின் நிலத்தில் ஒரு பகுதியை வனத்துறைக்குத் திருப்பிக் கொடுக்க 2022இல் அரசு ஆணை போட்டது. வேலையிலிருந்து ஓய்வு பெற்றால் லைன் வீட்டைக் காலி செய்ய வேண்டுமே, பிறகு எங்கே போவது என்று என்னிடம் வந்து அழுத குடும்பங்கள் உண்டு. காடு காப்பாற்றப்பட வேண்டும் என்பதில் எனக்குக் கருத்து வேறுபாடு இல்லை. ஆனால் நாற்பது ஐம்பது ஆண்டு உழைத்தவருக்குப் படுக்க ஓர் இடம் என்பது காட்டுக்கு எதிரான கோரிக்கை என்று யாராவது சொன்னால் அதை நான் ஏற்கமாட்டேன். கேகசி மாதிரி, இவர்தான் அந்த ஆள், இவர்தான் உழைத்தவர் என்று அதிகாரிகள் முன் அடையாளம் சொல்ல ஆள் வேண்டும். மனு எழுதத் தெரிந்த பிள்ளைகள் நம் பங்கில் இத்தனை பேர் இருக்கிறீர்கள்.

இன்னொரு பெண்ணையும் சொல்லிவிடுகிறேன். நம் சபையைச் சேர்ந்தவர் அல்ல. அதனால் ஒன்றும் குறைந்துவிடவில்லை. 1855இல் லண்டனில் மேரி ஜேன் கின்னெய்ர்ட் என்ற பெண்மணி, கிரிமியப் போருக்குப் போய்வரும் செவிலியர் தங்க ஒரு வீட்டை ஏற்பாடு செய்தார். பட்டணத்துக்கு வேலை தேடி வரும் பெண்களுக்குப் பத்திரமாய்த் தூங்க இடமில்லை என்பதை அவர் கண்டார். அதே ஆண்டு எம்மா ரோபார்ட்ஸ் என்பவர் பெண்களைச் சேர்த்து ஒரு செபக் குழு தொடங்கினார். இந்த இரண்டும் பிறகு சேர்ந்து வளர்ந்ததுதான் ஒய்.டபிள்யூ.சி.ஏ. குன்னூரில் குன்றின்மேல் இருக்கும் வையோமிங் பழைய பங்களாவும், இங்கே உதகையில் ஆனந்தகிரியும் அந்தச் சங்கத்தின் விடுதிகள். செபக் குழுவும் கட்டிலும் ஒன்றாய்ச் சேர்ந்ததைக் கவனியுங்கள். நம் அன்பியக் கூட்டங்களில் செபம் குறைவில்லாமல் நடக்கிறது. கட்டிலைத்தான் காணோம்.

இப்போது நம் பிள்ளைகளே வழிப்போக்கர்கள். கொழுந்து விலை இருக்கிற நிலையில் கோயம்புத்தூருக்கும் திருப்பூருக்கும் ஓசூருக்கும் போய், யாரோ கட்டிய ஹாஸ்டலில், யாரோ போட்ட கட்டிலில் தூங்குகிறார்கள். ஒவ்வொரு இரவும் போன் போட்டுச் சாப்பிட்டாயா, கதவுக்குத் தாழ்ப்பாள் இருக்கிறதா என்று கேட்கிறீர்கள். அவர்கள் விட்டுப்போன லைன் வீடுகளில் ஜார்க்கண்டிலிருந்தும் அசாமிலிருந்தும் வந்த குடும்பங்கள் இருக்கின்றன. அவர்களில் நம் விசுவாசத்தைச் சேர்ந்தவர்களும் உண்டு. தமிழ்ப் பூசை புரியாமல் கடைசியில் நின்றுவிட்டுப் போகிறார்கள். அவர்களுடைய அம்மாவும் ராத்திரி போன் போட்டு இதே கேள்வியைத்தான் கேட்பார்.

சிறியவர் ஒருவருக்கு ஒரு கிண்ணம் குளிர்ந்த நீர் கொடுத்தாலும் கைம்மாறு உண்டு என்கிறார் ஆண்டவர். கலிலேய வெயிலில் சொன்னது அது. இந்த ஜூன் மாத மழையில் ஊட்டியில் யாருக்காவது குளிர்ந்த நீர் கொடுத்தால் நம்மேல் கோபப்படுவார்கள்! இங்கே அது ஒரு டம்ளர் சூடான பிளேன்டீ, ஓர் உலர்ந்த கம்பளி, காற்றுப் புகாத ஒரு கதவு.

அதனால் இன்று உங்களிடம் ஒன்று கேட்கப்போகிறேன். உதகையில் புதிய அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையை 2025 ஏப்ரலில் திறந்தார்கள். 700 படுக்கைகள். நோயாளிக்குப் படுக்கை உண்டு, கூட வருகிறவருக்கு? கூடலூரிலிருந்து 50 கிலோமீட்டர். பந்தலூர் அதற்கும் அப்பால். மரம் விழுந்து சாலை அடைத்தால் அன்று திரும்பிப் போகவும் முடியாது. லாட்ஜ் அறைக்குக் காசில்லாமல் மருத்துவமனை நடைபாதையிலும் பஸ் ஸ்டாண்டிலும் உட்கார்ந்தபடியே விடிய விடியக் கிடக்கிறார்கள்.

நம் கோவிலுக்குப் பின்னால் பழைய உபதேசியார் வீடு இருக்கிறது. சுண்ணாம்புச் சுவர், தகரக் கூரை, இரண்டு அறை. பந்தல் கம்பும் கிறிஸ்துமஸ் குடில் சாமானும் ஓட்டை ஸ்பீக்கரும் அடைத்துவைத்திருக்கிறோம். பங்குப் பேரவையில் பேசிவிட்டோம். அந்த வீட்டை நோயாளிகளோடு வருகிறவர்கள் தங்கத் திறக்கப்போகிறோம். சுவரில் யாரோ பூசிய சிமெண்டைக் கொத்தி எடுத்துச் சுண்ணாம்பு பூசுவது மழையும் உறைபனியும் போன பிறகு, பிப்ரவரியில். அதுவரை கதவைப் பூட்டிவைக்கவேண்டாம். தகரத்தை மாற்றி, உள்ளே உலர்த்தினால், அடுத்த மாதமே ஆள் படுக்கலாம். சட்டப்படி வருகிறவர் பெயரையும் முகவரியையும் எழுதிக்கொள்வோம். எந்த ஊர், எந்த மதம், எந்தச் சாதி என்பதற்காக யாரையும் திருப்பி அனுப்பக் கூடாது. உள்ளூர் அட்டை என்றாலும் உள்ளே வரலாம். சாவி வின்சென்ட் தே பவுல் சபையினரிடம் இருக்கும். யார் எந்த இரவு பொறுப்பு என்பதை மரியாயின் சேனையினர் எழுதி ஒட்டுவார்கள்.

லாட்ஜில் வேலை பார்ப்பவர்களே, ஒரு கட்டிலை எப்படிச் சுத்தமாக விரிப்பது என்று மற்றவர்களுக்குச் சொல்லிக்கொடுக்க உங்களைவிட்டால் ஆள் இல்லை. வருகிற சனிக்கிழமை காலை எட்டு மணிக்கு வேலை தொடங்குகிறோம். கடப்பாரை, சுத்தியல் இருக்கிறவர்கள் கொண்டுவாருங்கள். பழைய கம்பளி வேண்டாம். நீங்கள் போர்த்திக்கொள்ளத் தயங்காத கம்பளியாகப் பார்த்துக் கொடுங்கள். பெயர் கொடுக்க விரும்புகிறவர்களுக்குத் திருப்பலி முடிந்ததும் சக்ரீஸ்து வாசலில் நோட்டு இருக்கும்.